சொத்தைப் புளி

வகுப்பறைக்குள் காலை வைத்ததுமே வாயில் எச்சில் ஊறிவிட்டது.

இருபத்திரண்டு பைகள். மஞ்சள் பை, ஜவுளிக்கடைப் பை, உரச் சாக்கை வெட்டித் தைத்த பை. எல்லாவற்றிலும் புளியம்பழம். காலை வெயில் ஜன்னல் வழியாக மேசைகள்மேல் விழுந்து, அறை முழுக்கப் புளி வாசனை. பைகளுக்குப் பின்னால் பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவுப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை அது. மூன்று நான்கு வருடம் இருக்கும். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளி. பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வாரப் பத்தியில் நான் எழுதப்போவது ஒரு தப்பைப் பற்றி. தப்பு முழுக்க என்னுடையது, அதில் பள்ளியை எதற்கு இழுக்க வேண்டும்?

முதல் பையைத் திறந்தேன். ஒவ்வொரு பழமும் விரல் தடிமன். ஓடு உடையாமல், கீறல் விழாமல், கல்யாணத் தாம்பாளத்தில் வைக்கலாம் போல இருந்தது.

“எத்தனை பழத்துல வண்டு ஓட்டை இருந்துச்சும்மா?”

“ஒண்ணுலயும் இல்லீங்க மேடம்.”

இரண்டாவது பையிலும் இல்லை. மூன்றாவது பைக்காரப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். “ரெண்டே ரெண்டு இருந்துச்சு மேடம். எப்பிடியோ உள்ள பூந்துருச்சு. நான் பாக்கல.”

அவள் ஏன் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினாள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

கடைசி மேசையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதன் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தூள் கொட்டி, மேசையில் சின்னக் குவியலாகக் கிடந்தது. அந்தப் பையைப் பற்றிச் சொல்வதற்கு முன், நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பூச்சி டாக்டர்

எனக்குச் சொந்த ஊர் கம்பைநல்லூர். வேலை பெங்களூரில், பூச்சிகளை ஆராய்கிற ஒரு கூடத்தில். தானியத்தையும் கொட்டையையும் துளைக்கிற வண்டுகள்தான் என் பிழைப்பு.

முனைவர் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தபோது, அப்பா தன் உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் “பாப்பா டாக்டர் ஆயிருச்சு” என்று சொல்லி வைத்திருந்தார். மறுநாள் காலையிலேயே பெரியம்மா வந்து முழங்கையை நீட்டினார். அங்கே ஒரு படை.

“ரொம்ப நாளா அரிக்குது. என்னான்னு பாரு.”

நான் அந்த டாக்டர் இல்லை என்று விளக்கினேன். பூச்சியைப் பற்றிப் படித்தேன் என்றேன். பெரியம்மா கையை இழுத்துக்கொண்டார். “இத்தன வருசம் படிச்சிட்டு ஒரு மாத்திர எழுதத் தெரியலியா?” என்று கேட்டார். இன்றைக்கும் ஊரில் சில பேருக்கு நான் பூச்சி டாக்டர்தான். மாட்டுக்கு உண்ணி பிடித்தால் போன் வரும்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அறிவியல் பிரிவு எடுத்தால் டாக்டர். இல்லையென்றால் நர்ஸ். அதுவும் இல்லையென்றால் டீச்சர். இந்த மூன்றைத் தாண்டி, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்கலாம் என்பது எனக்கே கல்லூரி மூன்றாம் வருடத்தில்தான் தெரியும். அதுவரை ஆராய்ச்சி என்றால் வேறு தேசத்து ஆட்கள் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கூடத்தின் தலைவர் ஒரு வங்காளி அம்மா. அதிகம் பேச மாட்டார். கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சியை அறிமுகம் செய்யலாம், யார் போகிறீர்கள் என்று அவர் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியது நான். பாதி நல்லெண்ணம். மீதி, சொந்த மாவட்டத்துக்குக் காரில் போய் விஞ்ஞானி என்று இறங்கலாமே என்ற ஆசை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்று சனிக்கிழமைகள் நான் போக வேண்டும். முடிவில் ஒரு மாணவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் மே மாதம் முழுக்க எங்கள் கூடத்தில் தங்கி வேலை கற்றுக்கொள்வாள். விடுதி, சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. இருந்தது ஒரே ஒரு இடம்.

பனியில் நான்

முதல் சனிக்கிழமை படம் போட்டுக் காட்டினேன். நுண்ணோக்கியில் தெரிகிற வண்டின் கண். வெள்ளைக் கோட்டில் நான். ஒரு வெளிநாட்டு மாநாட்டில், பனி கொட்டுகிற தெருவில், இரவல் வாங்கிய கோட்டில் நான். பனிப் படத்துக்கு வகுப்பே “ஹே” என்றது. ஹரிணி என்ற பெண், வகுப்பில் முதல் ரேங்க், எழுந்து “நாங்களும் இப்பிடிப் போலாமா மேடம்?” என்று கேட்டாள். “தாராளமா போலாம்” என்றேன்.

பிறகு வேலையைச் சொன்னேன். அவரவர் வீட்டுப் பக்கம் ஏதாவது ஒரு புளியமரத்துக்கு அடியில் உதிர்ந்து கிடப்பதில் நூறு பழம் எடுத்து வர வேண்டும். வண்டு துளைத்த பழத்தின் ஓட்டில் குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிதாக வட்ட ஓட்டை இருக்கும். அப்படி எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

“இவ்ளோதானா ஆராய்ச்சி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கௌசல்யா. ஒல்லியான பெண், கடைசி மேசை.

“எண்றதுதாம்மா பாதி ஆராய்ச்சி” என்றேன். சாப்பாட்டு மணி அடித்தது. சொல்ல வேண்டிய இன்னொரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

கடைசி மேசைப் பை

இப்போது இரண்டாம் சனிக்கிழமைக்கும் அந்த மஞ்சள் பைக்கும் வருகிறேன். அது கௌசல்யாவுடையது.

திறந்தால், அறையில் அதுவரை பார்த்த பைகளைப்போல அது இல்லை. சூம்பியது, பிளந்தது, ஓடு கருத்தது, நடுநடுவே நல்லதும் இருந்தது. ஒரு பழத்தை எடுத்தேன். ஓட்டையிலிருந்து தூள் என் உள்ளங்கையில் கொட்டியது. ஒரு வண்டு வெளியே வந்து என் மணிக்கட்டில் ஏறியது.

முன் மேசைகளில் சிரிப்பு. “ஐயே, சொத்தைப் புளிடீ” என்று யாரோ சொன்னார்கள்.

விலங்கியல் ஆசிரியை தமிழரசிக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல மனுஷி. அந்த மூன்று வாரமும் எனக்குத் தன் வீட்டிலிருந்துதான் சாப்பாடு கொண்டுவந்தார். “ஏம் பாப்பா, மேடம் பெங்களூர்ல இருந்து வந்துருக்காங்க. சொத்தையக் கொண்டாந்து வெப்பியா அவங்க முன்னாடி?” என்றார்.

கௌசல்யா என்னைப் பார்த்தாள். நோட்டைத் திறந்து கையில் பிடித்தபடி நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நானும் சொன்னேன். “பரவாயில்ல டீச்சர், திட்டாதீங்க. அடுத்த வாரம் நல்லதா கொண்டு வந்துருவா. என்னம்மா?”

அவள் நோட்டை மூடினாள். “சரிங்க மேடம்.”

அந்தப் பெண்ணைத் திட்டிலிருந்து காப்பாற்றிவிட்டதாக எனக்குத் திருப்தி வேறு.

எங்கள் வீட்டில் யாருக்காவது மாங்காய் கொடுத்தனுப்பினால், அம்மா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடிபட்டது ஒன்றுகூடப் பையில் போகாது. அடிபட்டதெல்லாம் எங்களுக்கு. வாத்தியார் வீட்டுக்கு என்றால் இன்னும் கண்டிப்பு. அப்படித்தான் நான் வளர்ந்தேன். “அடுத்த வாரம் நல்லதா கொண்டு வா” என்று அன்றைக்குச் சொன்னது பூச்சி ஆராய்ச்சியாளர் இல்லை, அந்த வீட்டில் வளர்ந்த பெண். ஆனால் பூச்சி ஆராய்ச்சியாளர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? அவளுக்கும் சுரணை இல்லை.

யார் எடுத்த பழம்?

மூன்றாம் சனிக்கிழமை கௌசல்யா வேறு பழம் கொண்டுவந்தாள். நூறும் நல்ல பழம். நோட்டில் பூஜ்யம். முந்தைய வாரத்துப் பக்கத்தின்மேல் வேறு தாளை ஒட்டி, அதில் எழுதியிருந்தாள். கேள்வி கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். இவளுக்கு ஆர்வமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஹரிணி அழகாகக் கோடு போட்டு, வரைபடம் வரைந்து, பழம் எடுத்த மரத்தின் படமும் ஒட்டியிருந்தாள். மே மாத இடம் அவளுக்கு என்று அறிவித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். கௌசல்யாவும் தட்டினாள்.

காரில் ஏறியதும் தலைவருக்குப் போன் செய்தேன். உள்ளுக்குள் ஒரே குதி. இரண்டாயிரத்துச் சொச்சம் பழத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஓட்டை. இந்தப் பக்கத்து மரங்களில் வண்டை நெருங்கவிடாத ஏதோ இருக்கிறது, பெரிய விஷயமாக இருக்கலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே கேள்வி. “யார் எடுத்த பழம்?”

“பிள்ளைகள்தான்” என்றேன். நல்ல செய்தி சொன்னால் ஒரு சந்தோஷம் காட்டுகிறாரா பார் என்று எரிச்சலாக இருந்தது.

புளிக் கொட்டகை

அம்மா வருஷப் புளி வாங்கி வரச் சொல்லியிருந்தார். நெடுஞ்சாலைக்குப் போகிற வழியில் ஒரு வியாபாரியின் கொட்டகை. தகரக் கூரை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கல்லின்மேல் பழத்தை வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டொக் டொக்கென்று சத்தம். ஒவ்வொருவர் பக்கத்திலும் புளி ஒரு குவியல், கொட்டை ஒரு குவியல், ஓடு ஒரு குவியல்.

என் சந்தோஷத்தை யாரிடமாவது கொட்ட வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் சொன்னேன். “உங்க பக்கத்துப் புளியில வண்டே இல்லியாம்க்கா. ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சிருக்கோம்.”

கட்டைச் சத்தம் நின்றது. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள் பாருங்கள், தகரம் அதிர்ந்தது. ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

“யாருங்க சொன்னது?” என்று அந்த அக்கா கேட்டார். கையிலிருந்த கட்டையால் என் முதுகுக்குப் பின்னால் காட்டினார். திரும்பினேன். சுவரோரம் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். அத்தனையும் சொத்தை. ஒரு பழத்தில் மூன்று ஓட்டை, நான்கு ஓட்டை. பக்கத்தில் போனால் குவியலே மெல்ல நகர்வது தெரிந்தது. உள்ளே வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

“இந்த வாரத்துதுங்க அது” என்றார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கதான் பள்ளிக்கூடத்துக்கு வர்ற பெங்களூர் மேடமா?”

“ஆமாங்க்கா.”

“நான் கௌசல்யா அம்மா. மாதம்மா.”

கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். “மொத வாரம் எம் புள்ள கண்ண மூடிக்கிட்டு எடுத்தா. நான் சிரிச்சேன், என்னாத்துக்குடீ குருடி மாதிரி தடவுறேன்னு. கண்ணத் தொறந்தா கை நல்லதுக்குத்தாம்மா போவுது, அப்பறம் எண்ணி என்னா பிரயோசனம்னு சொன்னா. ரெண்டாவது வாரம் அழுதுட்டு வந்தா. மேடம் நல்லதா கேட்டாங்கம்மான்னா. சரின்னு ரெண்டு பேருமா ஒக்காந்து ஒண்ணொண்ணா பொறுக்கினோம்.”

நான் முதல் சனிக்கிழமை சொல்ல மறந்த வாக்கியம் அதுதான். பொறுக்காதீர்கள், பார்க்காமல் எடுங்கள். எங்கள் தொழிலில் முதல் பாடம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கக் கல்லூரியில் ஒரு வருடம் ஆனது. இந்தப் பெண் யாரும் சொல்லாமல் மரத்தடியில் நின்று தானே கண்டுபிடித்திருக்கிறாள். அதை நான் பரவாயில்லை என்று சொல்லித் தட்டிவிட்டிருக்கிறேன்.

புளி வாங்காமலே காரில் போய் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

நாற்பத்தொன்று

பெங்களூருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பைநல்லூரில் அம்மா வீட்டில் புரண்டுகொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கே திரும்பினேன்.

வகுப்பில் நின்று நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்தாள். “உங்களுக்குன்னுதான் மேடம் நல்லதாப் பாத்துக் கொண்டாந்தோம்.” “எனக்குத் தெரியும்மா” என்றேன்.

தமிழரசி டீச்சர் ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நானும் சேந்துல்ல திட்டிட்டேன்” என்று மெதுவாகச் சொன்னார்.

ஹரிணி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. “அப்ப நான் வரக்கூடாதா மேடம்?”

அவள் என்ன தப்புச் செய்தாள்? ஒரு பொய்யும் எழுதவில்லை. எண்ணியதைத்தான் எழுதினாள். கொடுத்த இடத்தைப் பிடுங்கினால் அது நான் செய்கிற இரண்டாவது அநியாயம். “நீ வரத்தான் போற. அதுல மாத்தமில்ல” என்றேன். அவள் உட்கார்ந்து மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கௌசல்யாவின் நோட்டைக் கேட்டேன். ஒட்டிய தாளை அவளே நகத்தால் கிளப்பினாள். சோற்றுப் பசை, சுலபமாக வந்தது.

“கிழிச்சா நோட்டு பிரிஞ்சிரும், அதான் மேல ஒட்டிட்டேன்” என்றாள்.

அடியில் பென்சிலில் நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக எண்ணிக்கை. மொத்தம் நாற்பத்தொன்று. ஓரத்தில், ‘கண்ணை மூடி எடுத்தது’ என்று எழுதிக் கீழே கோடிட்டிருந்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?” குரல் உள்ளே போயிருந்தது. “நாப்பத்தொண்ணு தப்பா?”

“இல்லம்மா. இந்த வகுப்புல சரியான எண்ணிக்கை அது ஒண்ணுதான். தப்பு நான்.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “அன்னிக்கே சொல்லிருக்கலாம் மேடம்” என்றாள்.

சொத்தையையும் சொல்லுங்க

அங்கிருந்தே தலைவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இன்னோர் இடம் கேட்டேன். விடுதியில் இடம் ஒன்றுதான், ஆனால் கூடத்தில் இன்னொரு நாற்காலி போடலாம் என்றார். தங்குவதற்கு என் வீடு இருக்கிறது என்றேன். மீதியிருந்தது அவள் அம்மாவின் சம்மதம்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கௌசல்யாவோடு கொட்டகைக்குப் போனேன். மாதம்மா தட்டுவதை நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு மாதம், என் வீட்டில், என் பொறுப்பில்.

“பெங்களூரு எனக்குத் தெரியுங்க” என்றார். “இவ பொறந்த வருசம் அங்கதான் செங்கல்லு சொமந்தேன். இவங்கப்பா இன்னும் அங்கதான் சென்ட்ரிங் வேலைல இருக்காரு. தெரியாத ஊரில்ல. தெரியாதது உங்களத்தான்.”

நியாயம்தான்.

“இதப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?”

வாயைத் திறந்தேன். வெள்ளைக் கோட்டும் பனித் தெருவும்தான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தன. மாதம்மா ஒரு பழத்தைத் தட்டினார். உள்ளே சொத்தை. அதைத் தூக்கிப் பின்னால் போட்டார்.

“நல்லத மட்டும் பொறுக்கிச் சொல்லாதீங்க மேடம். சொத்தையையும் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். என் முனைவர் பட்டத்துக்கு ஏழு வருடம் ஆனதைச் சொன்னேன். அதில் இரண்டு வருட வேலை, ஒரு கோடையில் குளிர்சாதனம் நின்று வண்டுகள் எல்லாம் செத்ததில் வீணாய்ப் போனதைச் சொன்னேன். என்னோடு ஐந்து பேர் சேர்ந்தோம். இரண்டு பேர்தான் முடித்தோம். எழுதி அனுப்புகிற கட்டுரைகளில் பாதி திரும்பி வரும். என் வேலை இன்றைக்கும் நிரந்தரம் இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். இது என் அம்மாவுக்கே தெரியாது. அம்மாவிடம் சொல்லாததை, இரண்டு நாள் பழக்கத்தில் ஒரு புளிக் கொட்டகையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல, என் பேச்சை அந்த முதல் சனிக்கிழமை கேட்ட இருபத்திரண்டு பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு நானும் பொறுக்கித்தான் கொடுத்திருந்தேன்.

மாதம்மாவின் கை நின்றிருந்தது. “இத்தன சொத்தைல ஏன் இன்னும் வுடாம இருக்கீங்க?”

இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

“ஒரு தடவ கொட்டைக்குள்ள இருந்து வண்டு வெளிய வர்றத ராத்திரி பகலா ஒக்காந்து பாத்தேன்க்கா” என்றேன். “கடைசி ஓட்டைய அது உள்ளருந்து எப்பிடி அறுக்குதுன்னு அதுவரைக்கும் யாருமே எழுதி வெக்கல. அன்னிக்கு உலகத்துலயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் பூரா யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன்.”

“ஒரு நாள் பூராவா?” மாதம்மா சிரித்துவிட்டார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கொட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டியாடீ? ஏழு வருசமாம். வேல நெரந்தரம் இல்லியாம்.”

“கேட்டேம்மா.”

“அப்பவும் போறியா?”

கௌசல்யா கொட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எப்பிடி அறுக்குதுன்னு நானும் பாக்கணும்மா.”

மாதம்மா கட்டையை எடுத்தார். நாலைந்து பழம் தட்டினார். “நர்சு படிப்புக்குச் சேத்தலாம்னு இருந்தேன்” என்று பொதுவாகச் சொன்னார். இன்னும் இரண்டு தட்டினார். “கெட்டதையும் சேத்துச் சொல்லிட்டீங்க. பரிச்ச முடியட்டும், கூட்டிட்டுப் போங்க. அவ அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

கிளம்பும்போது வருஷப் புளி கட்டிக் கொடுத்தார். அதை ஒரு தடவை அவிழ்த்து, கைவிட்டுத் துழாவிப் பார்த்து, மறுபடி கட்டித்தான் கொடுத்தார்.

மே மாதம்

ஹரிணி விடுதியிலும் கௌசல்யா என் வீட்டிலுமாக வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் இருவருக்கும் பேச்சே இல்லை. ஹரிணி எல்லாவற்றையும் குறிப்பெடுத்தாள். கௌசல்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

தலைவர் வந்தார். வண்டு வளர்க்கிற பெரிய டப்பாவைத் திறந்தார். உள்ளே புளியங்கொட்டைகள். துளைத்ததும் துளைக்காததும் கலந்து, மேலே தூள் படிந்து கிடந்தன. கௌசல்யாவைப் பார்த்து, “ஐம்பது எடு” என்று சைகையும் ஆங்கிலமுமாகச் சொன்னார்.

கௌசல்யா டப்பாவுக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். பிறகு கை அப்படியே நின்றது. தலைவர் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“நல்லதா எடுக்கவா மேடம், இருக்கறத எடுக்கவா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு தடவை ஏமாந்தவள் கேட்பதுபோல, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இருக்கறத எடும்மா” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டாள்.